பதினாறாம் நாள்: நீதிபதி தந்த தேதியை நம்பியவரின் மேல்முறையீடு ஏன் கேட்கப்படவில்லை?

கேள்வி இது. அமெரிக்காவில் ஒரு நீதிபதி, மேல்முறையீடு செய்ய இன்ன தேதி வரை அவகாசம் தருகிறேன் என்று எழுத்து மூலம் ஆணையிட்டிருந்தார். அந்தத் தேதிக்கு முதல் நாளே ஒருவர் மேல்முறையீட்டைத் தாக்கல் செய்தார். அப்படியிருந்தும், காலம் கடந்துவிட்டது, இதைக் கேட்க எங்களுக்கு அதிகாரமே இல்லை என்று அவரைத் திருப்பி அனுப்பினார்களாம். இது உண்மையா, உண்மையென்றால் அதற்கு என்ன நியாயம் சொன்னார்கள், அந்தத் தீர்ப்பு இன்றும் செல்லுமா?

உண்மைதான். வழக்கின் பெயர் பவுல்ஸ் எதிர் ரஸ்ஸல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007 ஜூன் 14 அன்று 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இன்றும் நிற்கிறது. ஆனால் அதே நீதிமன்றம், அதன் பிறகு வந்த ஏறக்குறைய ஒவ்வொரு வழக்கிலும், அந்தத் தீர்ப்பைச் சுற்றி வேலி போட்டு அதன் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கேள்விக்கு முழுப் பதில் கிடைக்கும்.

முதலில் நடந்தது என்ன என்பது. மனுதாரர் பவுல்ஸ் 1999-ல் ஒஹாயோ மாநிலத்தில் ஜூரியால் கொலைக் குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டு, 15 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை பெற்றவர். மாநில நீதிமன்றங்களில் மேல்முறையீடு செய்து தோற்ற பிறகு, 2002 செப்டம்பரில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். நம் வாசகர்களுக்கு ஆட்கொணர்வு மனு என்றால் காவல்துறை பிடித்துப் போன ஆளை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்வதுதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவில் அது, மாநில நீதிமன்றம் தந்த தண்டனை அரசமைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று கூட்டாட்சி நீதிமன்றத்தில் முறையிடுவதற்கான வழியாகவும் இருக்கிறது. அதுவும் சட்டத்தின் கண்ணில் உரிமையியல் வழக்கு என்பதால், உரிமையியல் மேல்முறையீட்டுக்குரிய காலக்கெடுவே அதற்கும் பொருந்தும். 2003 செப்டம்பர் 9 அன்று மனு தள்ளுபடியானது. மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய 30 நாள். அந்த 30 நாளும் கடந்து போயிற்று.

தீர்ப்பு வந்த செய்தியே உரிய காலத்தில் கிட்டாத கட்சிக்காரருக்கு அமெரிக்கச் சட்டம் ஒரு சிறு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. கூட்டாட்சிச் சட்டத் தொகுப்பின் 28-வது தலைப்பில் 2107-வது பிரிவின் மூன்றாம் உட்பிரிவும், மேல்முறையீட்டு நடைமுறை விதிகளில் நான்காம் விதியும் சேர்ந்து சொல்வது இதுதான்: சில நிபந்தனைகள் நிறைவேறினால், மாவட்ட நீதிமன்றம் மேல்முறையீட்டுக் காலத்தை மீண்டும் திறந்துவிடலாம், திறக்கும் ஆணை பதிவான நாளிலிருந்து 14 நாள் வரை அந்தக் கதவு திறந்திருக்கும். மனுதாரர் 2003 டிசம்பர் 12 அன்று இந்த வாசலைத் தட்டினார். 2004 பிப்ரவரி 10 அன்று மாவட்ட நீதிமன்றம் திறந்தது. ஆனால் ஆணையில் எழுதியது 14 நாள் அல்ல, 17 நாள். அதாவது பிப்ரவரி 27 வரை. ஏன் 17 என்பதற்கு ஆணையில் விளக்கமில்லை. சட்டப்படி கதவு சாத்தப்பட வேண்டிய நாள் பிப்ரவரி 24. மனுதாரரின் மேல்முறையீட்டு அறிவிப்பு வந்து சேர்ந்தது பிப்ரவரி 26. நீதிபதியின் கணக்கில் ஒரு நாள் மிச்சம், சட்டத்தின் கணக்கில் இரண்டு நாள் தாமதம்.

மேல்முறையீடு ஒஹாயோ உள்ளிட்ட நான்கு மாநிலங்களுக்குரிய ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குச் சென்றது. அங்கே எதிர்த்தரப்பு, அதாவது சிறை நிர்வாகத்தின் தரப்பு, இந்தக் கணக்கைச் சுட்டிக்காட்டியது. அந்த நீதிமன்றம், 14 நாள் என்பது அதிகார வரம்பைச் சேர்ந்த விஷயம், இதைத் தளர்த்த எங்களால் ஆகாது என்று மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. உச்ச நீதிமன்றம் அதை அப்படியே உறுதி செய்தது. மனுதாரரின் தண்டனை சரியா தவறா என்ற கேள்விக்குள் இரண்டு நீதிமன்றங்களும் போகவே இல்லை.

இந்த இடத்தில் 'அதிகார வரம்பு' என்ற சொல்லை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் வழக்கு முழுவதும் இந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது. அமெரிக்க அரசமைப்புச் சட்டம் தன் கையால் நிறுவிய நீதிமன்றம் ஒன்றே ஒன்று, அது உச்ச நீதிமன்றம். கீழ் நீதிமன்றங்களை நிறுவும் பொறுப்பை அதன் மூன்றாம் உறுப்பு நாடாளுமன்றமான காங்கிரசிடம் விட்டுவிட்டது. காங்கிரஸ் 1789-ல் முதல் நீதித்துறைச் சட்டத்தை இயற்றியது. இன்று நாம் காணும் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தவை. இப்போது அவை 13. இவற்றுக்கு இயல்பான, பிறப்போடு வந்த அதிகாரம் என்று எதுவும் கிடையாது. எந்தத் தீர்ப்பின் மீது, எந்தக் கட்டத்தில், எந்த வகை வழக்கை அவை கேட்கலாம் என்பதைக் காங்கிரஸ் எழுதிக் கொடுத்திருக்கிறது. எழுதிக் கொடுத்த அளவுக்குத்தான் அவை நீதிமன்றங்கள். அந்த அளவைத் தாண்டினால், நீதிபதிகளின் அங்கி அணிந்த சிலர் கருத்துச் சொல்வதாகத்தான் ஆகும்.

ஆகவே ஒரு நிபந்தனையை அதிகார வரம்பு சார்ந்தது என்று முத்திரை குத்திவிட்டால், அதன் விளைவுகள் கடுமையானவை. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காமல் இருந்தாலும் அது பொருட்டல்ல. இரு தரப்பும் சேர்ந்து ஒப்புக்கொண்டாலும் இல்லாத அதிகாரம் வந்துவிடாது. யாரும் எழுப்பாவிட்டாலும் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்தக் கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் விசாரித்து முடித்த பிறகு குறை தெரியவந்தாலும் எல்லாம் வீண். எல்லாவற்றுக்கும் மேலாக, நியாய உணர்வின் பேரில் விலக்களிக்க முடியாது. கட்சிக்காரர் மருத்துவமனையில் கிடந்தார், தபால் தொலைந்தது, வழக்கறிஞர் ஏமாற்றினார் என்ற எந்தக் காரணமும் எடுபடாது. தவறு யாருடையது என்பதே அங்கே கேள்வியில்லை.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் இந்தத் தர்க்கத்தின் வழியேதான் நடந்தார். அவரோடு தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ், நீதிபதிகள் ஸ்காலியா, கென்னடி, அலிட்டோ ஆகியோர் இணைந்தனர். அவருடைய வாதத்தின் முதுகெலும்பு ஒரு வேறுபாடு. நீதிமன்றங்கள் தம் வேலையை ஒழுங்காக நடத்திக்கொள்ள விதிகளை வகுத்துக்கொள்கின்றன; அவற்றைத் தாமே வகுத்ததால் தாமே தளர்த்தவும் முடியும். காங்கிரஸ் சட்டமாகவே இயற்றிய காலக்கெடு அப்படிப்பட்டதல்ல. ஒரு வழக்கைக் கேட்கும் அதிகாரம் உண்டா என்பதைத் தீர்மானிக்கிற காங்கிரஸ், எவ்வளவு காலம் வரை அந்த அதிகாரம் இருக்கும் என்பதையும் தீர்மானிக்கலாம். மேல்முறையீட்டுக்கான சட்டக் காலக்கெடுவைத் தவறவிட்டால் அதிகாரமில்லை என்ற நிலைப்பாடு 1848-ஆம் ஆண்டின் கரி வழக்கு முதல், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக உச்ச நீதிமன்றத்தில் இருந்து வருவதாக அவர் காட்டினார். உச்ச நீதிமன்றத்தின் சொந்த நடைமுறையையே சான்றாகவும் வைத்தார்: உரிமையியல் வழக்குகளில் உச்ச நீதிமன்றத்தை அணுக 90 நாள் என்பது சட்டம் வைத்த கெடு, அதை மன்றம் ஒருபோதும் தளர்த்துவதில்லை, குற்றவியல் வழக்குகளில் அதே 90 நாள் மன்றத்தின் விதியில் மட்டும் இருப்பதால், தேவைப்பட்டால் தளர்த்துகிறது. ஒரே எண், வேறு வேறு பிறப்பிடம், அதனால் வேறு வேறு விளைவு.

மனுதாரர் பழைய இரண்டு தீர்ப்புகளைத் துணைக்கு அழைத்தார். 1962-ன் ஹாரிஸ் டிரக் லைன்ஸ் வழக்கிலும் 1964-ன் தாம்சன் வழக்கிலும், மாவட்ட நீதிபதியின் வார்த்தையை நம்பிக் காலம் தவறியவர்களை, இது தனித்துவமான சூழ்நிலை என்று சொல்லி உச்ச நீதிமன்றமே காப்பாற்றியிருந்தது. பிந்தைய வழக்கில், உங்கள் மனு போதிய காலத்துக்குள் வந்துவிட்டது என்று நீதிபதியே விசாரணையின்போது சொல்லியிருந்தார். பவுல்ஸ் மனுதாரரின் நிலைமையோடு இவை இரட்டைப் பிள்ளைகள்போல் ஒத்துப்போகும். பெரும்பான்மை அந்த ஒற்றுமையை மறுக்கவில்லை. மாறாக, அதிகார வரம்பு சார்ந்த கெடுவுக்கு விலக்களிக்கும் சக்தி எந்த நீதிமன்றத்துக்கும் கிடையாது என்பதால் அந்த இரண்டு தீர்ப்புகளுமே அந்த அளவுக்கு இனி செல்லாது என்று அறிவித்துவிட்டது. கடுமை தாங்க முடியாததாக இருந்தால், அதைத் தளர்த்தும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்குத் தரும் சட்டத்தைக் காங்கிரஸ் இயற்றிக்கொள்ளட்டும் என்று முடித்தது.

மாறுபட்ட தீர்ப்பை நீதிபதி டேவிட் சூட்டர் எழுதினார். ஸ்டீவன்ஸ், கின்ஸ்பர்க், பிரேயர் ஆகிய மூவரும் அவரோடு நின்றனர். பொதுவாக அடங்கிய நடையில் எழுதும் அவர், இந்த வழக்கில் முதல் வரிகளிலேயே கொதித்தார். மக்களை இப்படி நடத்துவது நீதித்துறை பொறுத்துக்கொள்ள முடியாத காரியம் என்றும், ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கொடுக்கும் இந்தக் கடைக்காரத் தந்திரத்தை மன்னிக்கச் சட்ட நுணுக்கத்தின் சாக்குக்கூட இல்லை என்றும் அவர் சொன்னார். அந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியமானது. பெரும்பான்மை இரக்கமில்லாமல் நடந்துகொண்டது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. சட்டப்படியும் தவறு என்றார்.

ஏன் தவறு? 'கட்டாயமானதும் அதிகார வரம்பு சார்ந்ததும்' என்ற இரட்டைச் சொற்றொடர் 1960-ன் ராபின்சன் வழக்கிலிருந்து கிளம்பி, அமெரிக்கத் தீர்ப்புகளில் எல்லாக் காலக்கெடுக்கள் மீதும் பழக்க தோஷத்தில் ஒட்டப்பட்டு வந்தது. 2004-ன் கான்ட்ரிக் வழக்கிலும் 2005-ன் எபர்ஹார்ட் வழக்கிலும் உச்ச நீதிமன்றமே, இந்தச் சொல்லை நாங்கள் கவனமில்லாமல் பயன்படுத்திவிட்டோம், இனி எந்த வகை வழக்கைக் கேட்கலாம், யார் மீது அதிகாரம் செலுத்தலாம் என்ற கேள்விகளுக்கு மட்டுமே அதை வைத்துக்கொள்வோம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. 2006-ன் ஆர்பா வழக்கில், காங்கிரஸ் தெளிவாகச் சொல்லாதவரை ஒரு நிபந்தனையை அதிகார வரம்பாகக் கருத வேண்டாம் என்ற அளவுகோலையும் வைத்திருந்தது. இவ்வளவு துப்புரவுப் பணி செய்த பிறகு, அடுத்த ஆண்டே பழைய குழப்பத்துக்குத் திரும்புவதேன் என்பது சூட்டரின் கேள்வி. காலக்கெடு என்பது வழக்காடும் தரப்பினர் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது; நீதிமன்றம் எதைக் கேட்கலாம் என்று சொல்வதல்ல. ஆகவே கெடு கட்டாயமானதாக இருக்கட்டும். நீதிபதியின் கையெழுத்தை நம்பியவருக்கு மட்டும் விலக்கு இருக்கட்டும் என்பது அவர் நிலை.

இந்தியச் சட்டம் படித்த வாசகருக்கு இந்த இடத்தில் ஓர் ஒப்பீடு தோன்றாமல் இராது. நம் நாட்டின் 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டத்தின் 5-வது பிரிவு தாமத மன்னிப்புக்கு வழி செய்கிறது. அதன் விளக்கவுரை, உயர் நீதிமன்றத்தின் ஆணையோ நடைமுறையோ தீர்ப்போ காலத்தைக் கணக்கிடுவதில் ஒருவரைத் தவறான வழியில் செலுத்தியிருந்தால் அதுவே போதிய காரணமாகலாம் என்று சொல்லியே வைத்திருக்கிறது. நீதிமன்றத்தின் செயலால் எவரும் கெடக்கூடாது என்ற பழைய முதுமொழியை நாடாளுமன்றமே எழுத்தில் கொண்டுவந்த இடம் அது. அமெரிக்காவில் 2107-வது பிரிவில் அப்படியொரு வரி இல்லாததுதான் மனுதாரரின் கெட்ட காலம். அந்த அளவில் நீதிபதி தாமஸ் சொன்னதில் நேர்மையான ஒரு பகுதி இருக்கிறது: வரியை எழுத வேண்டியவர்கள் எழுதவில்லை.

ஆனால் என் பார்வையில் வழக்கின் நெருக்கமான கேள்வியில் சூட்டர் பக்கம்தான் வலுவாக இருக்கிறது. கெடுவைச் சட்டத்தில் எழுதியதாலேயே அது அதிகார வரம்பாகிவிடுமென்றால், உரிமையியல் வழக்குத் தொடுப்பதற்கான எத்தனையோ காலவரையறைகளும் சட்டத்தில்தான் இருக்கின்றன. அவற்றை யாரும் அதிகார வரம்பு என்று சொல்வதில்லை. எதிர்த்தரப்பு ஆட்சேபிக்காவிட்டால் அவை காலாவதியான ஆயுதமாகிவிடுகின்றன. மேல்முறையீட்டுக் கெடு மட்டும் வேறு சாதி என்பதற்குப் பெரும்பான்மை தந்த உண்மையான காரணம், நெடுங்காலமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம் என்பது மட்டுமே. வழக்கத்துக்கு மதிப்புண்டு, நூறு, நூற்றைம்பது ஆண்டு வழக்கத்தை நம்பித்தான் காங்கிரசும் சட்டம் இயற்றுகிறது என்ற வாதத்தையும் நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் அந்த வழக்கமே கவனமின்மையில் வளர்ந்தது என்று வழக்கத்தை வளர்த்தவர்களே ஒப்புக்கொண்ட பிறகு, அதன் பாரத்தை ஒரு கைதியின் தோளில் வைப்பது பொருந்தவில்லை.

அந்த மனுதாரருக்கு வழக்கறிஞர் இருந்தார், அவர் சட்டத்தைப் புரட்டி 14 நாளை எண்ணியிருக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. எண்ணியிருக்கலாம். ஆனால் நீதிபதியின் ஆணையைத் தினமும் சந்தேகித்துச் சரிபார்க்கும் கடமை வழக்கறிஞருக்கு உண்டென்றால், ஆணை என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு மிஞ்சும் என்ற கேள்வியும் கூடவே வரும்.

இந்தத் தீர்ப்பின் தர்க்கம் எவ்வளவு விநோதமான இடத்துக்குக் கொண்டுபோகும் என்பதை, பத்தாண்டு கழித்து 2017 நவம்பரில் வந்த ஹேமர் வழக்கு காட்டியது. சிகாகோவில் முன்னாள் முதலாளிகள் மீது பாகுபாட்டு வழக்குத் தொடுத்துத் தோற்ற ஒரு பெண்ணுக்கு மேல்முறையீடு செய்ய 2015 அக்டோபர் 14 வரை காலம் இருந்தது. அவருடைய வழக்கறிஞர்கள் விலகிக்கொள்ள அனுமதி கேட்டார்கள். புதிய வழக்கறிஞரைத் தேட அவகாசமும் கேட்டார்கள். மாவட்ட நீதிமன்றம் டிசம்பர் 14 வரை நீட்டித்தது, அதாவது இரண்டு மாதம். நான்காம் விதி அனுமதிப்பதோ ஏறக்குறைய ஒரு மாதம்தான். டிசம்பர் 11 அன்று மேல்முறையீடு தாக்கலானது. எதிர்த்தரப்பு முதலில் எந்த ஆட்சேபமும் தெரிவிக்கவில்லை; மேல்முறையீடு காலத்துக்குள்தான் வந்தது என்று தாமே எழுதியும் கொடுத்தது. ஏழாவது வட்டார நீதிமன்றம்தான் தானாக முன்வந்து கேள்வியை எழுப்பி, பவுல்ஸ் தீர்ப்பைச் சுட்டி, அதிகாரமில்லை என்று தள்ளுபடி செய்தது.

உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை ரத்து செய்தது. தீர்ப்பை எழுதியவர் பவுல்ஸ் வழக்கில் மறுப்பில் நின்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். பவுல்சைத் தொடாமலேயே அவர் காரியத்தை முடித்தார். மேல்முறையீட்டுக் காலத்தை நீட்டிக்கும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தீர்ப்பின் செய்தி கிடைத்த கட்சிக்காரருக்கு எத்தனை நாள் வரை நீட்டிக்கலாம் என்ற உச்ச அளவு சட்டத்தில் இல்லை, விதியில் மட்டுமே இருக்கிறது. காங்கிரஸ் வைக்காத கெடு அதிகார வரம்பாகாது. அது வழக்கு நடத்தும் விதி மட்டுமே. எதிர்த்தரப்பு ஆட்சேபத்தை இழந்துவிட்டதா என்று கீழ் நீதிமன்றம் ஆராயட்டும் என்றார். பவுல்ஸ் தீர்ப்பின் சொந்த அளவுகோலையே வைத்து அளந்த தீர்ப்பு அது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டிலும் மாவட்ட நீதிபதி அளவுக்கு மீறி அவகாசம் தந்தார், முன்னதில் 3 நாள் அதிகம், பின்னதில் ஒரு மாதம் அதிகம். 3 நாளுக்காக ஒருவரின் வழக்கு மடிந்தது; ஒரு மாதம் அதிகமிருந்தும் மற்றவரின் வழக்கு பிழைத்தது. ஒரே மேல்முறையீட்டு நடைமுறையில், ஓர் எண் சட்டப் புத்தகத்தில் அச்சானதா விதிப் புத்தகத்தில் மட்டும் அச்சானதா என்பதைப் பொறுத்து.

வேலி போடும் வேலை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 2011-ன் ஹெண்டர்சன் வழக்கில், மனநோயால் பாதிக்கப்பட்ட கொரியப் போர் வீரர் ஒருவர் முன்னாள் படைவீரர் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 15 நாள் தாமதமாக வந்தார். அவருக்கான 120 நாள் கெடு சட்டத்திலேயே இருந்தும், நிர்வாக அமைப்பின் முடிவை எதிர்த்து வருகிறவரின் நிலை வேறு, பவுல்ஸ் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022-ன் பெக்லர் வழக்கில், வரி நீதிமன்றத்துக்கு ஒரே ஒரு நாள் தாமதமாகப் போன மனுவும் அதே வழியில் தப்பியது.

இவற்றுள் நம் கேள்விக்கு மிக நெருங்கியது 2024 மே மாதத்தின் ஹாரோ வழக்கு, ஏனெனில் அது நேரடியாக ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பற்றியது. பாதுகாப்புத் துறை ஊழியர் ஒருவரை 2013-ல் செலவுக் குறைப்பின் பேரில் 6 நாள் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். அவர் ஊழியர் நலன் காக்கும் வாரியத்தில் முறையிட்டார். வாரியத்தில் முடிவெடுக்கப் போதிய உறுப்பினர்கள் இல்லாமல் ஐந்தாண்டுக்கும் மேல் ஓடியது. 2022 மே மாதத்தில் முடிவு வந்தபோது அது அவருடைய பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போயிற்று. அவர் அறிவதற்குள் 60 நாள் கெடு முடிந்துவிட்டது. கூட்டாட்சி வட்டார நீதிமன்றம் அதிகாரமில்லை என்றது. அமைப்பு ஆண்டுக்கணக்கில் தூங்கலாம், ஊழியர் 60 நாளில் ஒரு நாளும் தவறக்கூடாது என்ற நிலையின் கேலித்தன்மையை விளக்கத் தேவையில்லை. நீதிபதி எலினா கேகன் எழுதிய ஒருமனதான தீர்ப்பு அதை மாற்றியது. அந்தத் தீர்ப்பில் பவுல்சுக்கு இப்போது இருக்கும் இடம் தெளிவாக வரையப்பட்டது: அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் உறுப்பின்கீழ் வரும் ஒரு நீதிமன்றத்திலிருந்து அதே உறுப்பின்கீழ் வரும் இன்னொரு நீதிமன்றத்துக்குச் செல்லும் மேல்முறையீட்டின் சட்டக் கெடுவுக்கு மட்டுமே அது பொருந்தும். வாரியங்களிலிருந்தும் நிர்வாகத் துறைகளிலிருந்தும் வருபவர்களை அது கட்டாது. அடுத்த ஆண்டு, 2025 ஜூனில், ரைலி வழக்கில், நாடுகடத்தும் ஆணையை எதிர்த்து மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வர வேண்டிய 30 நாள் கெடுவும் அதிகார வரம்பல்ல என்று தீர்ப்பானது.

அதிகார வரம்பு அல்ல என்று ஆனவுடனே தாமதமாக வந்தவர் தப்பிவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2019-ன் நியூட்ராசூட்டிக்கல் வழக்கில், குழு வழக்குகளில் இடைக்கால மேல்முறையீட்டுக்கான 14 நாள் கெடு விதியில் மட்டுமே இருப்பது, அதிகார வரம்பு அல்ல என்று ஒப்புக்கொண்ட பிறகும், விதிகளின் வாசகமே நீட்டிப்பைத் தடை செய்வதால் எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால் நியாயத்தின் பேரில் தளர்த்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. முத்திரை போவதால் கிடைப்பது, எதிர்த்தரப்பு மௌனமாக இருந்தால் நீதிமன்றம் வலியப்போய்க் கதவைச் சாத்த வேண்டியதில்லை என்பது. சில வகைக் கெடுக்களில் மட்டும் அதற்கு மேல் விலக்கும் கிடைக்கும்.

இதற்கு இணையாக இன்னொரு வழியும் ஓடுகிறது. வழக்கறிஞர்களுக்கு நடைமுறையில் அதிகம் பயன்படுவது அதுதான் என்பது என் எண்ணம். கெடுவை மன்னிக்க முடியாவிட்டாலும், கெடுவின் வாசகத்துக்குப் பொருள் கொள்ளும் வேலை நீதிமன்றத்தினுடையது. 1988-ன் ஹூஸ்டன் எதிர் லாக் வழக்கில், டென்னசி மாநிலக் கைதி ஒருவர் 27-ஆம் நாளே தன் மேல்முறையீட்டு அறிவிப்பைச் சிறை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டார். அது நீதிமன்றத்தில் முத்திரை பெற்றது 31-ஆம் நாள். ஒரு நாள் தாமதம். வெளியில் இருப்பவர் போல நீதிமன்ற வாசலுக்கு நடந்து போக முடியாத கைதிக்கு, சிறை அதிகாரியின் கையில் கொடுப்பதே தாக்கல் செய்வது என்று பொருள் கொண்டு நீதிமன்றம் அவரை உள்ளே விட்டது. இதற்கு எதிர் உதாரணமும் அதே ஆண்டில் உண்டு: டாரஸ் வழக்கில் 16 மனுதாரர்களில் ஒருவரின் பெயர் வழக்கறிஞர் அலுவலக ஊழியரின் எழுத்துப் பிழையால் அறிவிப்பில் விடுபட, 'முதலியோர்' என்ற சொல் அவரைக் காப்பாற்றாது, அவருக்காக மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அதிகாரமே வரவில்லை என்றார்கள். பிறகு விதியைத்தான் திருத்தினார்கள்.

பொருள் கொள்ளும் இந்த வழியின் அண்மைய பலன், பவுல்ஸ் மனுதாரரை வீழ்த்திய அதே உட்பிரிவின்கீழ் 2025 ஜூன் 12 அன்று கிடைத்தது. பாரிஷ் வழக்கில், கூட்டாட்சிச் சிறைக் கைதி ஒருவர், தனிமைச் சிறையில் அடைக்கப்பட்டதற்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடுத்தார். வழக்குத் தள்ளுபடியானபோது அவர் வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருந்தார். ஆணை அவர் கைக்கு வந்தபோது சுமார் மூன்று மாதம் ஓடிவிட்டது. வந்த கையோடு மேல்முறையீட்டு அறிவிப்பை அனுப்பினார். மாவட்ட நீதிமன்றம் பிறகு 14 நாளுக்குக் காலத்தைத் திறந்துவிட்டது. ஆனால் அந்த 14 நாளில் அவர் இரண்டாவதாக ஓர் அறிவிப்பைத் தாக்கல் செய்யவில்லை. நான்காவது வட்டார நீதிமன்றம், கதவு திறப்பதற்கு முன் வந்த அறிவிப்பு செல்லாது, திறந்த பிறகு எதுவும் வரவில்லை, ஆகவே அதிகாரமில்லை என்றது. முன்கூட்டி வந்த அறிவிப்பு, கதவு திறந்தவுடன் உயிர் பெறும், ஒரே காகிதத்தை இரண்டு முறை கொடுக்கச் சொல்ல வேண்டியதில்லை என்று நீதிபதி சோனியா சோட்டோமயோர் எழுதிய தீர்ப்பு அதைத் திருத்தியது. அதிகார வரம்பு அங்கேயேதான் இருக்கிறது. அதைத் தாண்டிவிட்டாரா இல்லையா என்பதை மட்டும் பெருந்தன்மையோடு பார்த்தார்கள்.

ஆனால் கேள்வி கேட்டவர் நாளைக்கே அமெரிக்க மாவட்ட நீதிபதி ஒருவரிடமிருந்து, இதே உட்பிரிவின்கீழ், 14-க்குப் பதில் 17 நாள் அவகாசம் என்ற ஆணையைப் பெற்றால் என்ன செய்ய வேண்டும்? பதினான்காம் நாளுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். பதினாறாம் நாள் போனால் இன்றும் அதே முடிவுதான். ஹேமரோ ஹாரோவோ பாரிஷோ அவருக்கு உதவாது, ஏனெனில் 14 என்ற எண் சட்டத்திலேயே இருக்கிறது, மேல்முறையீடும் நீதிமன்றத்திலிருந்து நீதிமன்றத்துக்கே போகிறது. காங்கிரஸ் இந்தப் பிரிவை 2009-ல் திருத்தியது. தீர்ப்பின் செய்தி கிடைத்த பிறகு கதவைத் தட்டுவதற்கான 7 நாளை 14 ஆக்கியது. நீதிபதியின் பிழையை நம்பியவருக்கான விலக்கை மட்டும் அப்போதும் சேர்க்கவில்லை.